படுகளத்து மண்ணும் ஈவா ஹெஸ்ஸேயின் கயிறும்

ஈவா ஹெஸ்ஸே 1970 மே மாதம் நியூயார்க்கில் இறந்தபோது அவருக்கு வயது 34. மூளையில் கட்டி. கடைசி மாதங்களில் அவர் செய்த படைப்புகளில் ஒன்று, கயிறுகளையும் நூலையும் கம்பியையும் ரப்பர் பாலில் தோய்த்துச் சிக்கலும் தொய்வுமாகக் கூரையிலிருந்து தொங்கவிட்டது. அதற்கு அவர் பெயர்கூட வைக்கவில்லை. ஒவ்வொரு முறை மாட்டும்போதும் அதன் வடிவம் கொஞ்சம் மாறிவிடும். ரப்பர் பால் காற்றும் வெளிச்சமும் பட்டுப் பழுத்து, விறைத்து, கடைசியில் நொறுங்கும். தெரிந்தேதான் ஹெஸ்ஸே அதை எடுத்தார். காசு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு இது நியாயமா என்ற சங்கடம் அவருக்கு இருந்தது. ஆனாலும் பொருளை மாற்றவில்லை. 1969இல் அவர் செய்த ‘எக்ஸ்பாண்டட் எக்ஸ்பான்ஷன்’ என்ற நீண்ட திரை, நியூயார்க்கின் குக்கன்ஹைம் அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. பழுதுபார்க்கும் நிபுணர்கள் நெடுநாள் உழைத்தபின் 2022இல்தான் மறுபடி பார்வைக்கு வந்தது.

ஒரு படைப்பு கலைஞரின் கையை விட்டுப் போனபிறகு அதன் பொருள் என்ன ஆகிறது, யாரிடம் போய்ச் சேருகிறது? மினிமலிசத்திலிருந்து கிளைத்த பின்-மினிமலிசம் என்னும் இயக்கத்தை இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பார்ப்பதே சரி என்று நினைக்கிறேன். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் களமருதூர் போன்ற ஊர்களில் பாரதக் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமான கேள்வி அல்ல. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருவோம்.

மினிமலிசம் அறுபதுகளின் நியூயார்க்கில் உருவானது. டொனால்ட் ஜட் தகரப் பட்டறைகளில் சொல்லிச் செய்வித்த உலோகப் பெட்டிகளைச் சம இடைவெளியில் சுவரில் அடுக்கினார். கார்ல் ஆண்ட்ரே 120 சூளைச் செங்கற்களை இரண்டு வரிசை உயரத்துக்குத் தரையில் பரப்பினார். செதுக்கல் இல்லை, பூச்சு இல்லை, கலைஞரின் கைரேகை இல்லை. ஒரு பொருள் தன்னைத் தவிர வேறெதையும் குறிக்காமல் அறையில் இருக்கட்டும் என்பதுதான் அவர்கள் கொள்கை. 1966இல் அங்குள்ள யூத அருங்காட்சியகம் நடத்திய ‘பிரைமரி ஸ்ட்ரக்சர்ஸ்’ கண்காட்சி இந்தப் போக்கை ஊரறியச் செய்தது.

அதே ஆண்டில், அதே நகரத்தில், அதற்கு எதிர்ப்பும் பிறந்தது. விமர்சகர் லூசி லிப்பார்ட் ஃபிஷ்பாக் கேலரியில் ‘எக்சென்ட்ரிக் அப்ஸ்ட்ராக்ஷன்’ என்ற கண்காட்சியை அமைத்தார். ஹெஸ்ஸேயும் லூயீஸ் பூர்ஷ்வாவும் புரூஸ் நௌமனும் அதில் இருந்தார்கள். மினிமலிசத்தின் பெட்டி அங்கே தளர்ந்தது, தொங்கியது, உப்பியது. 1968இல் ராபர்ட் மோரிஸ் ‘ஆர்ட்ஃபோரம்’ இதழில் எழுதிய கட்டுரை இதற்குக் கோட்பாட்டு உருவம் தந்தது. முன்கூட்டியே வரைந்த வடிவத்துக்குள் பொருளைத் திணிக்காதே. கனமான கம்பளித் துணியை வெட்டித் தொங்கவிடு, அது எப்படிச் சரிகிறதோ அதுவே வடிவம் என்றார். ரிச்சர்ட் செர்ரா உருட்டு, மடி, வெட்டு, சிந்து என்று வினைகளை மட்டும் பட்டியலிட்டுக்கொண்டு வேலை செய்தார். உருக்கிய ஈயத்தைச் சுவரும் தரையும் சேரும் மூலையில் வீசி உறையவிட்டார். 1971இல் ராபர்ட் பிங்கஸ்-விட்டன் ஹெஸ்ஸேயைப் பற்றி எழுதும்போது இதையெல்லாம் பின்-மினிமலிசம் என்று அழைத்தார். அந்தப் பெயரே நிலைத்தது.

1966 நமக்கும் முக்கியமான ஆண்டு. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். பத்திக் துணிகளும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற காசில் கடலோர மணலை வாங்கினார்கள். நியூயார்க் கலைஞர்கள் தொழிற்சாலைப் பெட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது இங்கே சண்டை போடப் பெட்டியே இல்லை. இங்கிருந்த கேள்விகள் வேறு: கைவினைக்கும் கலைக்கும் நடுவே பிரிட்டிஷார் போட்டுவிட்டுப் போன வேலியை என்ன செய்வது, வயிற்றுப்பாட்டுக்கு என்ன வழி. பின்-மினிமலிசத்தின் கதையைத் தென்னிந்தியாவில் தேடுகிறவர்கள் இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு, அங்கே நடந்தது பத்தாண்டு தாமதமாக இங்கே வந்தது என்று எழுதிவிடுகிறார்கள். அது பிழையான வரலாறு.

பின்-மினிமலிசத்தின் ஒரு கிளை கேலரியை விட்டே வெளியேறி நிலக்கலை ஆயிற்று. ராபர்ட் ஸ்மித்சன் 1970 ஏப்ரலில் யூட்டா மாநிலத்தின் கிரேட் சால்ட் ஏரிக்குள் 1,500 அடி நீளமும் 15 அடி அகலமும் கொண்ட சுருள் கரை ஒன்றைக் கட்டினார். 6,000 டன்னுக்கு மேல் கரும்பாறையும் மண்ணும். பாப் பிலிப்ஸ் என்ற ஒப்பந்தக்காரரின் லாரிகளும் மண்வாரி எந்திரமும் அவற்றை ஓட்டியவர்களும் சேர்ந்து சில நாட்களில் முடித்த வேலை அது. ‘ஸ்பைரல் ஜெட்டி’ இரண்டே ஆண்டில் நீருக்குள் போய்விட்டது. வறட்சியில் ஏரி வற்றியபோது, முப்பது ஆண்டுகள் கழித்து, உப்புப் பூத்து வெளியே வந்தது. ஸ்மித்சன் அதைக் கட்டியதற்கு முந்தைய ஆண்டு மைக்கேல் ஹைசர் நெவாடா பாலைவனத்து மேட்டில் 2,40,000 டன் பாறையை வெட்டித் தள்ளி, எதிரெதிரே இரண்டு பள்ளங்களைத் தோண்டியிருந்தார். ஹைசரின் தந்தை தொல்லியல் அறிஞர். பழைய நாகரிகங்களின் பெருங்கல் வேலைகளைச் சிறுவயதிலேயே பார்த்தவர் மகன். கார்ல் ஆண்ட்ரேயைப் பாதித்தது இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச். 1977இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டில் அவர் 36 பாறைகளை எட்டு வரிசையில் வைத்தார்: பெரியது ஒன்று தனியாக, அடுத்த வரிசையில் இரண்டு, அதற்கடுத்து மூன்று, கடைசி வரிசையில் சிறியவை எட்டு. லூசி லிப்பார்ட் 1983இல், இந்தக் கலைஞர்களையும் வரலாற்றுக்கு முந்தைய கல்வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ‘ஓவர்லே’ என்ற முழுப் புத்தகமே எழுதினார்.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன்.

கள்ளக்குறிச்சி, விழுப்புரம், திருவண்ணாமலை, கடலூர் மாவட்டங்களில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும் ஊர்களில், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நாள்கணக்கில் நடக்கும். வில்லிபாரதம்தான் அடிப்படை. கடைசி நாளுக்கு முன்பே கோயிலை ஒட்டிய தரிசில் மண் கொட்டத் தொடங்கிவிடுவார்கள். வண்டி வண்டியாக வந்த மண்ணை நீர் தெளித்து மிதித்துக் குவித்து, மல்லாந்து கிடக்கும் ஒரு பேருருவத்தை எழுப்புவார்கள். பல ஊர்களில் அது ஐம்பது அடியைத் தாண்டும். காலிலிருந்து தலைவரை ஒருவர் நடந்து போகலாம். மேலே களிமண்ணைப் பூசி வழித்து, கிரீடமும் மீசையும் வைத்து, விழிகளைப் பெரிதாகத் திறந்துவைத்து, மஞ்சளும் சிவப்பும் நீலமுமாக வண்ணம் தீட்டுவார்கள். தொடைக்குள் குங்குமம் கரைத்த நீர் நிறைந்த கலயம் புதைந்திருக்கும். அதுதான் படுகளத்துத் துரியோதனன்.

இரவெல்லாம் பதினெட்டாம் போர் ஆடிய கூத்துக்காரர்கள் கட்டை கட்டிய வேடத்தோடு காலை வெயிலில் களத்துக்கு வருகிறார்கள். பீமனும் துரியோதனனும் அந்த மண் உடலைச் சுற்றியும் அதன் மேல் ஏறியும் ஓடிச் சண்டையிடுகிறார்கள். நடிக்கிற துரியோதனன் ஒருவன், மண்ணில் கிடக்கிற துரியோதனன் ஒருவன். கூட்டத்தில் யாருக்கும் இதில் குழப்பம் இல்லை. பீமனின் கதை தொடையில் இறங்கும்போது கலயம் உடைந்து சிவப்பு பீறிடுகிறது. திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தலில் தடவி முடிக்கிறாள். அந்தக் கணத்தில் மண்ணுருவம் கலைய ஆரம்பித்துவிடுகிறது. சனங்கள் பாய்ந்து மண்ணை அள்ளிக்கொள்கிறார்கள். சேலை முந்தானையிலும் துண்டிலும் முடிந்த மண் நெற்குதிருக்குப் போகிறது, மாட்டுக் கொட்டகைக்குப் போகிறது, விதைக்கப்போகும் வயலுக்குப் போகிறது. மாலையில் தீமிதி. மிச்சமிருக்கும் மேட்டை ஆடும் பிள்ளைகளும் முதல் மழையும் பார்த்துக்கொள்கின்றன.

அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபெய்டல், செஞ்சியை மையமாக வைத்து இந்த வழிபாட்டைப் பற்றி 1988இலும் 1991இலும் இரண்டு பெரிய தொகுதிகள் எழுதினார். சடங்கியல் நோக்கில் அவர் விட்டுவைத்தது கொஞ்சமே. சிற்பியின் கண்கொண்டு பார்க்கவேண்டியது மட்டும் அப்படியே மீந்திருக்கிறது: ஈரம் எவ்வளவு இருந்தால் இவ்வளவு பெரிய மண்ணுடல் வெடிக்காமல் நிற்கும், மார்பின் சரிவை எப்படிக் கணக்கிடுகிறார்கள், தரையில் நிற்பவன் கண்ணுக்கு முகம் எப்படிக் கோணாமல் தெரிகிறது. வரைபடம் கிடையாது. நடையாலும் முழத்தாலும் அளந்து, தூரப் போய் நின்று பார்த்து, மறுபடி வந்து வழிக்கிற வேலை அது.

இதே வட்டாரத்துக் கூவாகத்தில், உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில், இன்னொரு உருவம் சித்திரைதோறும் கட்டப்பட்டுக் கலைக்கப்படுகிறது. கூத்தாண்டவர் தேரில் ஏறும் அரவானின் உடல் மரச்சட்டமும் வைக்கோலும் பூமாலையும் சேர்ந்தது. அதன் உறுப்புகள் வெவ்வேறு ஊர்களிலிருந்து வந்து சேர்கின்றன. திருநங்கையர் முதல்நாள் இரவு அவனுக்குத் தாலி கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் அழுகளத்தில் மாலைகளையும் வைக்கோலையும் உருவி எடுக்கும்போது அவன் சாகிறான். அவர்கள் தாலியறுத்து வெள்ளை உடுத்துகிறார்கள். பொருளைப் பிரித்தெடுப்பதே அங்கே மரணம். அதைக் காட்டுவதற்கென்று வேறு நடிப்பு தேவைப்படவில்லை.

படுகளத்தை நிலக்கலை என்றோ கூவாகத்து அரவானைப் பின்-மினிமலிசச் சிற்பம் என்றோ சொல்லிவிடலாமா? கூடாது என்பது என் உறுதியான கருத்து. அங்கே வேண்டுதல் இருக்கிறது, காப்புக் கட்டு இருக்கிறது, கதை இருக்கிறது. மினிமலிசத்தைக் கடந்து வந்தவர்கள் கதையைத் துறந்தவர்கள். அவர்கள் அலைந்து தேடியதை நாம் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே செய்துவிட்டோம் என்று மார்தட்டுவது இரண்டு தரப்பையுமே புரிந்துகொள்ளாத பேச்சு. பொருளின் முடிவு என்கிற ஒரே ஒரு இடத்தில்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். ஸ்மித்சன் பொருள்கள் சிதைவதைப் பற்றி நிறைய யோசித்தவர். ஆனால் ‘ஸ்பைரல் ஜெட்டி’ இன்று டியா கலை அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. ஹைசரின் பள்ளங்கள் லாஸ் ஏஞ்சலிஸ் அருங்காட்சியகம் ஒன்றின் சொத்து. சிதைவைக் கொண்டாடிய இயக்கத்தின் பொருள்கள் பத்திரத்துக்குள் வந்துவிட்டன. படுகளத்து மண்ணுக்குப் பத்திரம் இல்லை. கூட்டத்தோடு பிரிந்து போய்விடுகிறது.

அது எல்லோருக்குமா போகிறது? இதைக் கேட்காமல் விட்டால் நான் எழுதியது பாதி உண்மையாகிவிடும். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் தலித் மக்கள் நுழைவதைத் தடுத்ததால் எழுந்த பிணக்கில், 2023 ஜூனில் வருவாய்த் துறையினர் அந்தக் கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். மண்ணைச் சுமப்பவர் யார், உருவம் கட்டுபவர் யார், முதல் மரியாதை யாருக்கு, அள்ளிய மண் எந்தத் தெருவரைக்கும் போகிறது என்பதெல்லாம் சாதியின் கணக்கோடு பின்னிக் கிடக்கின்றன. நம் ஊர்களில் எந்தப் பொருளும் வெறும் பொருள் அல்ல. நியூயார்க்கில் மோரிஸ் கம்பளித் துணியை எடையும் வளைவும் உள்ள ஒரு வஸ்துவாக மட்டும் பார்க்க முடிந்தது. இங்கே சாணி, மயிர், தோல், கல் ஒவ்வொன்றையும் யார் தொடலாம், யார் தொட்டால் என்ன ஆகும் என்ற தீர்ப்பு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

இந்தத் தீர்ப்பையே கலைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவராக நான் கருதுவது ஷீலா கௌடாவை. 1957இல் கர்நாடகத்தின் பத்ராவதியில் பிறந்தவர்; பெங்களூரின் கென் கலைப்பள்ளியிலும், சாந்திநிகேதனில் கே.ஜி. சுப்ரமணியனிடமும், பிறகு லண்டன் ராயல் கலைக் கல்லூரியிலும் ஓவியம் படித்தவர். சுப்ரமணியன் கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, 1944இல் சாந்திநிகேதன் போனவர். கைத்தறி வாரியத்தில் வேலை பார்த்தவர். கைவினைஞரிடம் கற்றுக்கொள்ளாத நவீனக் கலைஞன் முழுமையடையமாட்டான் என்று பரோடாவிலும் சாந்திநிகேதனிலும் பல தலைமுறைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர். சணற்கயிற்றை முடிச்சு முடிச்சாகக் கட்டி, முன்வரைவே இல்லாமல், ஆளுயரத் தெய்வ உருவங்களை எழுப்பிய மிருணாளினி முகர்ஜி பரோடாவில் அவருடைய மாணவி. இந்தியாவில் கயிறும் நாரும் சிற்பமாவதற்கு ஹெஸ்ஸேயின் நிழல் தேவைப்படவில்லை. இப்படி ஒரு ஆசிரியர் இருந்தது போதுமானதாக இருந்தது.

1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டதும் பம்பாய்க் கலவரமும் ஷீலா கௌடாவைத் திருப்பிப் போட்டன. தைல வண்ணம் போதவில்லை என்று சாணத்தை எடுத்தார். வரட்டியாகவும் பூச்சாகவும் உருண்டையாகவும் அதோடு வேலை செய்தார். பசு அரசியல் கொடியாகிக்கொண்டிருந்த காலத்தில், பெண்கள் தினமும் கையால் தட்டுகிற சாணம் அந்தக் கொடியைக் கேள்வி கேட்டது. 1998இல் வந்த ‘அண்ட் டெல் ஹிம் ஆஃப் மை பெயின்’ இன்னும் ஆழமானது. நூறு மீட்டருக்கும் நீளமான நூலை ஊசிக்காதில் கோத்து இழுத்து, அப்படிப் பல நூல்களைச் சேர்த்துப் பிசினும் குங்குமமும் தடவிக் கயிறாக்கினார். அறை முழுக்க வளைந்து கிடக்கும் செங்கயிறு. அதன் நுனியில் கொத்தாக ஊசிகள். தூரத்திலிருந்து பார்த்தால் ஹெஸ்ஸேயின் வாரிசு என்று யாரும் சொல்லிவிடுவார்கள். நெருங்கினால் நறுமணமும் ரத்தமும் தையல் வேலையின் விரல் நோவும் ஒன்றாக வந்து நிற்கும். நியூயார்க்கின் பாடத்தில் இந்த நோவு இல்லை.

2009 வெனிஸ் பைனாலேயில் அவர் வைத்த ‘பிஹோல்ட்’ என்ற படைப்பில் 4,000 மீட்டர் மயிர்க்கயிறு. கோயில்களில் முடி இறக்கும்போது நீண்ட கூந்தல் சவுரிக்கும் ஏற்றுமதிக்கும் போய்விடும். குட்டை முடியைத் திரித்துக் கயிறாக்கி, வண்டிக்குத் திருஷ்டி படாமலிருக்க முன்னால் கட்டுவார்கள். அந்தக் கயிற்றால் கார் பம்பர்களைத் தொங்கவிட்டார் ஷீலா. கனமான எஃகை ஏழை பக்தனின் மயிர் தாங்குகிறது. வேண்டுதலாகக் கொடுத்த பொருள் சந்தைக்குப் போய், சந்தையிலிருந்து தாயத்தாகித் தெருவுக்கு வந்து, கடைசியில் லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்ந்துவிட்டது. பொருளின் பயணத்தை இவ்வளவு முழுமையாகச் சுமக்கும் வேறு படைப்பு எனக்குத் தெரியாது.

2012இல் முதல் கொச்சி-முசிறிஸ் பைனாலேவுக்காக அவரும் கணவர் கிறிஸ்டோஃப் ஷ்டோர்ட்ஸும் சேர்ந்து செய்த ‘ஸ்டாப்ஓவர்’ நமக்கு இன்னும் நெருக்கமானது. மிக்சியும் கிரைண்டரும் வந்தபின் வீடுகளிலிருந்து பெயர்த்துத் தெருவோரம் போட்ட ஆட்டுக்கற்கள் சுமார் 170ஐ லாரியில் ஏற்றி வந்து, மிளகும் பிற வாசனைச் சரக்குகளும் கப்பலேறிய ஆஸ்பின்வால் வளாகத்தில் பரப்பினார்கள். உடைக்க மனம் வராது, வைத்துக்கொள்ள இடம் இல்லை. அதனால் வாசலுக்கு வெளியே வந்துவிட்ட கற்கள். எங்கள் வட்டாரத்திலும் அடிபம்பு மேடையிலும் வேப்பமரத்தடியிலும் அவை கிடக்கின்றன. ஆண்ட்ரேயின் 36 பாறைகளைத் தேய்த்தது பனியாறு. இந்தக் கற்களின் குழியைத் தேய்த்தவை பெண்களின் கைகள்.

தமிழ்நாட்டில் பிறந்தவர்களில் இருவரைச் சொல்லவேண்டும். 1971இல் திருநெல்வேலியில் பிறந்து சென்னைக் கலைக் கல்லூரியில் படித்த ஆழ்வார் பாலசுப்பிரமணியம், காற்றில் ஆவியாகும் கலவையால் ஓர் உருவத்தை வார்த்து, அது நாள்பட மறைய மறைய உள்ளிருக்கும் வேறு உருவம் தெரியும்படி ‘எமர்ஜிங் ஏஞ்சல்ஸ்’ செய்தார். திருவண்ணாமலையில் 1978இல் பிறந்த பெனிதா பெர்சியால் சாம்பிராணி, வெள்ளைப்போளம், மரப்பட்டைத் தூள், வாசனைப் பொருள்களைக் குழைத்து உருவம் செய்கிறவர். 2014 கொச்சி பைனாலேயில் அவருடைய ‘தி ஃபயர்ஸ் ஆஃப் ஃபெய்த்’ கிறிஸ்துவையும் சீடர்களையும் எரிந்து புகையாகக்கூடிய பொருளில் நிறுத்தியது. கடற்காற்றின் ஈரத்தில் அந்த உடல்கள் மாறிக்கொண்டே இருந்தன. அந்த மாற்றத்தைச் சேதமாகப் பார்க்காமல் படைப்பின் பகுதியாகவே எடுத்துக்கொண்டார். பெனிதாவைப் பற்றித் தமிழில் போதிய அளவு எழுதப்படவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

மறுபடி எங்கள் வட்டாரத்துக்கு வருகிறேன். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர்ப் பக்கத்துத் தச்சர்களின் உழைப்புக்கு அது நியாயமான அங்கீகாரம். ஆனால் குறியீடு என்பது நிலைத்து நிற்கும், விற்கக்கூடிய, எடுத்துப்போகக்கூடிய பொருளுக்கே பொருந்தும். காலையில் முழுமையடைந்து மதியத்துக்குள் கலைந்துவிடும் ஐம்பது அடி மண்ணுடலுக்கு எந்தப் பதிவேட்டிலும் இடமில்லை. திருவிழா நோட்டீசில் நன்கொடையாளர், நாட்டாண்மை, கூத்து வாத்தியார் பெயரெல்லாம் அச்சாகும். உருவம் கட்டியவரின் பெயரைப் பெரும்பாலும் தேடித்தான் பார்க்கவேண்டும். இந்த வேலையைப் பாதுகாக்கிறேன் என்று அதைச் சிமெண்டில் கட்டி வைப்பது அதைக் கொல்வதற்குச் சமம். அய்யனார் கோயில்களில் மண்குதிரைகள் சிமெண்ட் குதிரைகளானபோது குயவர் வீட்டுச் சூளைகள் அணைந்ததைப் பார்த்தோம்.

செய்யவேண்டியது செய்முறையைப் பதிவதுதான். எந்த ஏரியிலிருந்து மண் வந்தது, எத்தனை நடை, முதலில் எழும்பியது காலா தலையா, களிமண்ணில் என்ன சேர்த்தார்கள், விரல்களுக்குள் என்ன கொடுத்து நிறுத்தினார்கள், யார் யார் வேலை செய்தார்கள், யாரை விடவில்லை, மண் எந்தெந்த வீட்டுக்குப் போனது. சென்னை, கும்பகோணம் கவின்கலைக் கல்லூரிகளின் சிற்பத் துறை மாணவர்கள் ஒரு திருவிழாக் காலம் முழுவதும் ஊர் அனுமதியோடு தங்கி, முதலில் மண் சுமந்துவிட்டு, பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறக்கலாம். பெரிய செலவில்லை. கட்டத் தெரிந்த கைகாரர்களில் பலருக்கு வயதாகிவிட்டது.